ஆழத்து வாயு ஏறிவரும் வழி



துருக்கி நாட்டின் தென்மேற்கில் பாமுக்கலே என்று ஓர் ஊர். மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் படிவம். அதில் படிப்படியாகத் தேங்கி நிற்கும் வெந்நீர். சுற்றுலா விளம்பரங்களில் நீங்களும் பார்த்திருக்கலாம். அந்தச் சரிவின் உச்சியில் ஹியராபோலிஸ் என்ற பழைய கிரேக்க ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. அங்கே அகழாய்வு செய்துவந்த இத்தாலியக் குழு ஒன்று, பிரான்செஸ்கோ டி ஆண்ட்ரியா என்ற பேராசிரியரின் தலைமையில், 2013ஆம் ஆண்டு ஒரு செய்தியை வெளியிட்டது. பழைய நூல்கள் பாதாள லோகத்தின் வாசல் என்று சொன்ன இடம் கிடைத்துவிட்டது என்பதுதான் செய்தி. இடத்தைக் காட்டிக்கொடுத்ததில் பறவைகளுக்கும் பங்கு உண்டு. கதகதப்பை நாடி அந்தக் குகைவாய்க்கு அருகில் போன பறவைகள் அங்கேயே செத்து விழுந்தன.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னால் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் அதே இடத்துக்குப் போயிருக்கிறார். ஒரு மனிதன் நுழையும் அளவுக்கே வாய் உள்ள குகை, முன்னால் வேலியிட்ட முற்றம், தரையே தெரியாதபடி மண்டிய மூட்டம் என்று எழுதிவைத்திருக்கிறார். உள்ளே விடும் காளை உடனே செத்து விழுகிறது என்கிறார். தானே சில குருவிகளை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார், அவையும் விழுந்தன. ஆனால் காளையை அழைத்துப் போகிற பூசாரிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அவர்கள் முடிந்தவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததையும் ஸ்ட்ராபோ கவனித்திருக்கிறார். தெய்வத்தின் அருள் என்று கூட்டம் நினைத்திருக்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்டி ஃபான்ஸ் என்ற உயிரியலாளர் அங்கே கருவிகளை வைத்து அளந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார். மூட்டத்தில் இருந்தது கரியமில வாயு. குகைக்குள்ளே ஓரிடத்தில் காற்றில் 100க்கு 91 பங்குவரை அது நிறைந்திருந்தது. 10 பங்கைத் தாண்டினாலே மனிதனுக்கு நினைவு தப்பும். கரியமில வாயு காற்றைப்போல ஒன்றரை மடங்கு எடை கொண்டது, அதனால் தரையோடு தரையாகத் தேங்கும். இரவில் காற்றும் வெயிலும் இல்லாததால் முற்றத்தில் குளம் கட்டி நிற்கிறது. விடியலுக்குச் சற்று முன்பு அதன் மட்டம் மிக அதிகம், வெயில் ஏற ஏறக் கலைந்துபோகிறது. காளையின் மூக்கு அந்த மட்டத்துக்குள் இருந்தது, நிமிர்ந்து நின்ற பூசாரியின் மூக்கு அதற்கு மேலே இருந்தது. பூசாரிகளுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு குனியலாம் என்ற கணக்கு அவர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

சரி, இந்த வாயு அங்கே எப்படி வந்தது? நகரத்தின் அடியில் ஒரு பிளவு ஓடுகிறது. நிலவியல் படித்தவர்கள் பிளவுப்பெயர்ச்சி என்பார்கள். பாறை விரிசல் விட்டது மட்டுமல்ல, விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தை உரசிக்கொண்டு நகர்ந்தும் இருக்கும். நாம் சுருக்கமாகப் பிளவு என்றே வைத்துக்கொள்வோம். ஹியராபோலிஸ்வாசிகள் தங்கள் கோயிலையும் குகையையும் அந்தப் பிளவின் மேலேயே அமைத்திருக்கிறார்கள். வாயு வந்த இடத்தில்தானே தெய்வம் இருந்தது!

ஆழத்தில் வாயு வாயுவாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் மேலே நிற்கும் தண்ணீரின் எடை மட்டுமே நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 100 மடங்கு. அந்த அழுத்தத்தில் கரியமில வாயு பாறையிடுக்கில் உள்ள நீரில் கரைந்து கிடக்கும். நீர் சூடாகி மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு பிரியும். கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் நுரைத்துக்கொண்டு வருகிறதே, அதே கதைதான். குமிழ் பிரிந்ததும் நீரும் குமிழுமாகச் சேர்ந்த அந்தக் கலவை லேசாகி, இன்னும் வேகமாக ஏறுகிறது.

பாமுக்கலேயின் வெள்ளைப் படிகள் இதற்குச் சாட்சி. கரியமில வாயு கரைந்த நீருக்குச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும் வலு உண்டு. மேலே வந்து வாயுவை விட்டதும் அந்த வலு போய்விடுகிறது, கரைத்த சுண்ணாம்பை அங்கேயே கொட்டிவிடுகிறது. வெளியே நடப்பதுதான் பிளவுக்குள்ளும் நடக்கிறது. ஏறிவரும் நீர் வழியிலேயே சுண்ணாம்பையும் சிலிக்காவையும் விரிசல் சுவர்களில் படியவிட்டு, விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது. தான் வந்த வழியைத் தானே அடைக்கிறது. பிறகு வாயு எப்படி வந்துகொண்டே இருக்க முடியும்? நிலம் மறுபடி ஆட வேண்டும். பழைய அடைப்பு உடைய வேண்டும். ஹியராபோலிஸ் நிலநடுக்கத்தில் திரும்பத் திரும்ப இடிந்து, திரும்பத் திரும்பக் கட்டப்பட்ட நகரம். வீட்டை இடித்த அதே நகர்வுதான் வெந்நீருக்கும் பாதாள வாசலுக்கும் வழி திறந்துவைத்தது.

பிளவு என்றதும் வாய் பிளந்த ஒரு பள்ளம் மனதில் வரும். கீழே எட்டிப் பார்த்தால் இருட்டு தெரியும் என்பதுபோல. சினிமா அப்படிக் காட்டிப் பழக்கிவிட்டது. உண்மையில் சில நூறு மீட்டர் இறங்கினாலே பாறையின் எடை எந்தப் பள்ளத்தையும் நெருக்கி மூடிவிடும். பிளவின் நடுவில் இருப்பது அரைபட்ட பாறை மாவு, பெரும்பாலும் களிமண். இருபுறமும் பாறை உராய்ந்து உராய்ந்து மாவாக்கியது அது. அதற்குள் தண்ணீர்கூடச் சுலபமாகப் புகாது. அந்த மாவுக்கு இரண்டு பக்கத்திலும் சில மீட்டரிலிருந்து நூறு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல், பாறை நொறுங்கி மயிரிழை விரிசல்களால் நிறைந்திருக்கும். வாயு ஏறுவது அந்த நொறுங்கல் வழியாக. ஆகவே ஒரே பிளவு குறுக்கே போக முயன்றால் சுவர், நெடுக்கே ஏற முயன்றால் பாதை. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எண்ணெயையும் எரிவாயுவையும் பிளவு ஒன்று ஓரிடத்தில் தடுத்துத் தேக்கிவைத்திருக்கும், இன்னோரிடத்தில் கசியவிட்டுக் காலி செய்திருக்கும். இமாசலப் பிரதேசத்தில் காங்ரா மாவட்டத்து ஜுவாலாமுகி கோயிலில் பாறையிடுக்கில் நீலச் சுடர் எரிகிறதே, அது அப்படிக் கசிந்துவரும் இயற்கை எரிவாயு. அந்த ஊரின் பெயரையே தாங்கிய பெரும்பிளவு ஒன்று அந்த வட்டாரத்தில் ஓடுகிறது.

இதுவரை சொன்னது மேலே உள்ள சில கிலோமீட்டர் கதை. பல இடங்களில் சுமார் 15 கிலோமீட்டருக்குக் கீழே பாறை சூட்டில் இளகிவிடுகிறது. உடையாது, மெல்ல வளைந்து இழுபடும். விரிசல் விழாத இடத்தில் வாயுவுக்கு வழி ஏது? அதனால் எரிமலை இல்லாத ஊரில் அதற்கும் கீழிருந்து எதுவும் மேலே வராது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். ஹீலியம் அதை மாற்றியது.

பலூனில் அடைக்கிறார்களே, அதே ஹீலியம். அதில் இரண்டு வகை. ஹீலியம்-4 என்பது யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பாறைக்குள் இன்றும் பிறந்துகொண்டிருப்பது. ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே கவசம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அங்கே அது இன்னும் மிச்சமிருக்கிறது. காற்றில் ஒரு ஹீலியம்-3 அணுவுக்கு ஏறத்தாழ 7 லட்சம் ஹீலியம்-4 அணுக்கள் உண்டு. நடுக்கடல் மலைத்தொடர்களில், கவசத்திலிருந்து புதிதாக வரும் எரிமலைப் பாறையில், ஹீலியம்-3இன் விகிதம் காற்றில் உள்ளதைப்போல சுமார் 8 மடங்கு. மேலோட்டுப் பாறையில் பிறந்த வாயுவிலோ அது காற்றில் உள்ளதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். ஹீலியம் வேறு எதனோடும் வேதிவினை புரியாது, வழியில் உருமாறாது. ஆகவே ஊற்றில் வரும் குமிழைப் பிடித்து இரண்டு வகையையும் எண்ணினால், கவசத்திலிருந்து வந்ததா, மேலோட்டில் பிறந்ததா என்று சொல்லிவிடலாம்.

கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் நீளத்தில் உள்ள ஊற்றுகளிலும் கிணறுகளிலும் இப்படி எண்ணிப் பார்த்தார்கள். 1997இல் முடிவு வெளியானது. அளந்த இடங்களில் எரிமலைக்கு வேலையில்லை. ஆனாலும் கவசத்து ஹீலியம் இருந்தது. இளகிய பாறையைக் கடந்து அது வந்திருக்கிறது. கீழே தேங்கிய நீரும் வாயுவும் மேலே உள்ள பாறையின் எடைக்கு ஈடாக அழுத்தம் பெற்றால், பாறையைத் தாமே நெகிழ்த்தி வழி உண்டாக்கிக்கொள்ளும் என்பதுதான் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

நம் நாட்டில் இதற்கு நேரெதிரான கதை ஒன்று இருக்கிறது. மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் பக்ரேஷ்வர் என்று ஒரு சக்தி பீடம். கோயிலைச் சுற்றி வெந்நீர்க் குண்டங்கள், அவற்றில் இடைவிடாமல் குமிழி. குமிழியில் பெரும்பகுதி நைட்ரஜன். கூடவே 100க்கு ஒன்று, இரண்டு பங்கு ஹீலியம். குறைவு என்று தோன்றும். காற்றில் 10 லட்சத்துக்கு 5 பங்குதான் ஹீலியம் என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். சியாமதாஸ் சாட்டர்ஜி என்ற இயற்பியலாளர் இதில் முன்னோடி. பிறகு அணுசக்தித் துறையின் கொல்கத்தா நிறுவனங்கள் அங்கே ஆய்வுக்கூடம் வைத்து ஹீலியத்தைப் பிரித்தெடுக்கவும், நிலநடுக்கக் காலங்களில் அது கூடிக் குறைவதைக் கவனிக்கவும் முனைந்தன. எம்.ஆர்.ஐ. கருவியைக் குளிர்விக்க வேண்டிய ஹீலியத்துக்கு நாம் வெளிநாட்டையே நம்பியிருக்கும்போது அந்த முயற்சி நியாயமானதுதான். பக்ரேஷ்வர் ஹீலியம் பெரும்பாலும் மேலோட்டில் பிறந்தது. பழம்பாறைகளின் யுரேனியமும் தோரியமும் யுக யுகமாகச் சேர்த்துவைத்ததை வெந்நீர் அள்ளிக்கொண்டு வருகிறது.

நிலம் ஆடினால் வழி திறக்கும் என்றேன். வாயுவே நிலத்தை ஆட்டுவதும் உண்டு. ஜப்பானில் நாகானோ மாகாணத்தில் மாட்சுஷிரோ என்று ஒரு சிற்றூர். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், அரசுத் தலைமையகத்தையே கொண்டுபோய் ஒளித்துவைக்க அங்கே மலையைக் குடைந்து சுரங்கங்கள் வெட்டினார்கள். போர் முடிந்த பிறகு அந்தச் சுரங்கத்தில் நிலநடுக்க ஆய்வகம் வந்தது. 1965 ஆகஸ்டில், கருவிகளுக்கு நேர் கீழே என்று சொல்லும்படி, சிறுசிறு அதிர்வுகள் தொடங்கின. நிற்கவில்லை. கருவிகள் பதிவு செய்தவை மொத்தம் 7 லட்சத்துக்கும் மேல். மக்கள் உணர்ந்தவை மட்டுமே பல்லாயிரம். 1966இல் நிலம் விரிசல் விட்டு, கரியமில வாயு கலந்த உப்புநீர் பீறிட்டது. ஏறத்தாழ 1 கோடி டன் வந்து தீர்ந்த பிறகே அதிர்வுகள் அடங்கத் தொடங்கின. ஆழத்தில் அழுத்தத்தோடு நின்ற நீரும் வாயுவும் பிளவின் இரு பக்கங்களையும் தள்ளிப்பிடித்து, உராய்வைக் குறைத்து, வழுக்கவிட்டிருக்கின்றன.

இத்தாலியில் 1997 செப்டம்பர் 26 அன்று உம்பிரியா பகுதியில் அடுத்தடுத்து இரண்டு நிலநடுக்கங்கள். முதலாவது விடியலுக்கு முன். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பேராலயத்தில் சேதம் பார்க்கப் போனவர்கள் உள்ளே இருக்கும்போதே இரண்டாவது வந்து, கூரை இடிந்து 4 பேர் இறந்தார்கள். அதன்பின் பல வாரங்களுக்குப் பின்னதிர்வுகள். அந்த வட்டாரத்தில் முன்பு தோண்டிய ஆழ்துளைகளில் சில கிலோமீட்டர் ஆழத்தில் கடும் அழுத்தத்தில் கரியமில வாயு இருந்தது தெரியவந்திருந்தது. முதல் குலுக்கலில் அந்தத் தேக்கத்தின் மூடி உடைந்து, வாயு பிளவு வழியே ஏறிப் பரவப் பரவப் பின்னதிர்வுகளும் கூடவே நகர்ந்தன என்று 2004இல் ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது.

அமெரிக்காவில் மம்மத் மலையில் நடந்தது வேறு மாதிரி. கலிபோர்னியாவின் கிழக்கு விளிம்பில் பனிச்சறுக்குக்குப் பேர்போன பழைய எரிமலை அது. 1989இல் ஆறு மாதம் சின்னச் சின்ன அதிர்வுகள். பெரிய சேதம் இல்லை, பேச்சும் அடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, மலையடிவாரத்தில் ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. வறட்சி என்றார்கள், பூச்சி என்றார்கள். ஆனால் இள மரம், கிழ மரம் என்ற பேதமில்லாமல் எல்லா வகையும் ஒன்றாகச் செத்தன. 1994இல் மண்ணுக்குள் குழாய் இறக்கி அளந்தார்கள். சாதாரணக் காட்டு மண்ணில் 100க்கு ஒரு பங்குக்குள் இருக்க வேண்டிய கரியமில வாயு, அங்கே 90 பங்குவரை இருந்தது. இலை உண்பது கரியமில வாயு என்றாலும், வேருக்கு வேண்டியது ஆக்சிஜன். மண்ணிடுக்கில் இருந்த காற்றையெல்லாம் வாயு வெளியே தள்ளிவிட்டது, வேர் மூச்சுத் திணறியது. பட்டுப்போன காடு மட்டும் 100 ஏக்கர் அளவில்.

பாறைக்குழம்பு கீழிருந்து நெருக்கியபோது, மலைக்கடியில் ஏற்கெனவே தேங்கியிருந்த வாயு, மூடி உடைந்து, பிளவுகள் வழியே வெளியேறியிருக்கிறது. எப்போது தொடங்கியது என்பதை உயிர்பிழைத்த மரங்களே சொல்லின. ஆழத்துக் கரியமில வாயுவில் கதிரியக்கக் கார்பன்-14 கிடையாது. அந்த வாயுவை உண்டு வளர்ந்த ஆண்டின் மரவளையத்தில் கார்பன்-14 குறைந்திருக்கும். வளையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, வாயு கூடிய ஆண்டையும் குறைந்த ஆண்டையும் எழுதிவிட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே ஆபத்து அதிகம். பனிமூடிய மரத்தடிக் குழியிலும், பனியில் புதைந்த குடிசையிலும் வாயு தேங்கும். 2006இல் அதே மலையில், பனிக்கடியில் மறைந்திருந்த ஓர் எரிமலைத் துளையைச் சுற்றி வேலியிடப் போன பாதுகாப்புப் பணியாளர்கள் 3 பேர், துளைக்குள் விழுந்தவர்களும் காப்பாற்ற இறங்கியவருமாக, இறந்துபோனார்கள். கிணற்றில் தூர்வார இறங்குகிறவர்களின் கதையை நம் பக்கத்துச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். வாயு எதுவானாலும், விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவியில்லாமல் இறங்கக் கூடாது.

இந்த வாயுக்களைக் கொண்டு நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் மீது அந்த ஆசை வெகுகாலமாக உண்டு. 1966இல் தாஷ்கண்ட் நிலநடுக்கத்துக்கு முந்தைய ஆண்டுகளில் அந்நகரின் ஆழ்கிணற்று நீரில் ரேடான் ஏறியிருந்தது என்று சோவியத் ஆய்வாளர்கள் பின்னால் தெரிவித்தார்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்கு முன்பும் அருகே ஒரு கிணற்றில் ஏறியது. இரண்டிலும் கவனியுங்கள், நடந்து முடிந்த பிறகே அது முன்னறிகுறி ஆயிற்று. ரேடான் 3.8 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். தானாக நகர்ந்தால் மண்ணில் சில மீட்டர் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும். பத்துக் கிலோமீட்டர் ஆழத்துச் செய்தியை அது சுமந்துவருகிறது என்பது நடக்காத காரியம். கரியமில வாயுவோ நீரோ மேலே வரும் வழியில், மேற்பகுதிப் பாறையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மழை பெய்தாலும் ஏறும், காற்றழுத்தம் இறங்கினாலும் ஏறும். ஏறியும் நிலம் ஆடாத நாட்கள் ஏராளம். பிளவு எங்கே ஓடுகிறது என்று தேடுவதற்கு ரேடான் நல்ல கருவி. தேதி கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதை வைத்து ஊரைக் காலி செய்யச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக, நம் பக்கத்திலேயே உள்ள ஓர் இடம். பெங்களூருக்குத் தெற்கே கனகபுரா வட்டாரத்தில் கப்பல்துர்கா என்ற குன்று. அங்குள்ள கல்குவாரி முகப்பில் சாம்பல்நிற நைஸ் பாறையின் குறுக்கே, கருமையும் பச்சையும் கலந்த திட்டுகளும் பட்டைகளும் ஓடுகின்றன. கருத்தது சார்னோக்கைட். நம் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள அதே இனக் கல், கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குக் கப்பலேறிப் போன கல். கப்பல்துர்காவில் அந்தக் கருமை பாறையின் பழைய விரிசல்களையும் இழுபட்ட தடங்களையும் ஒட்டியே படர்ந்திருக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியஸுக்கு மேலான சூட்டில் கரியமில வாயு அந்தத் தடங்களின் வழியே ஏறி, பாறைத் தாதுக்களில் இருந்த நீரை விரட்டி, பாறையைச் சார்னோக்கைட்டாக மாற்றியது என்பது 1980களில் வலுப்பெற்ற கருத்து.

தென்னிந்தியாவின் சார்னோக்கைட் பாறைகள் பலவற்றைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், படிகங்களுக்குள் மயிரிழையைவிடச் சிறிய குமிழ்கள் அடைபட்டிருக்கும். அந்தச் சில்லைக் குளிரவைத்து உறையச் செய்து, பிறகு மெல்லச் சூடேற்றுகிறார்கள். மைனஸ் 56.6 பாகையில் குமிழுக்குள் உறைந்தது உருகினால் அது தூய கரியமில வாயு. பெரும்பாலும் அந்தப் பாகைக்கு மிக அருகிலேயே உருகுகிறது. ஆனால் குமிழ் பாறை மாறியபோதே அடைபட்டதா, பின்னால் வேறொரு சமயம் புகுந்ததா என்பதில் நிலவியலார் ஒத்துப்போகவில்லை. பாறையை உலர்த்தியது கரியமில வாயு அல்ல, அடர்ந்த உப்புநீர் என்று வாதாடுகிற அணியும் பலமானது. குவாரியில் நின்று பார்த்தால், எந்த விரிசலில் எது ஏறியது என்பதில் சண்டை போடலாம். ஏதோ ஒன்று விரிசல் வழியே ஏறியது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.